சாதி, இன ஒடுக்குமுறைக்கு எதிரான போராட்டங்களில் திருநங்கைகளின் உடலையும் அசைவையும் தனியாகப் பார்க்க வேண்டுமா?

வேண்டும். போராட்டத்துக்கு எல்லோரும் உடலோடுதான் வருகிறோம். ஆனால் நாங்கள் வரும்போது உடலில் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், சாதிக் கொலை ஒன்றைக் கண்டித்து மதுரை ஆட்சியர் அலுவலகம் அருகே ஆர்ப்பாட்டம். நாங்கள் ஐந்து பேர் கல்யாணச் சமையலை முடித்துவிட்டு நேராகப் போனோம். சேலையெல்லாம் தாளிப்பு வாசனை. எந்தக் கழிப்பறையில் விடுவார்கள் என்று தெரியாததால் காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. இதுவும் போராட்டக் கணக்கில் சேருமா என்று தெரியவில்லை.

முழக்கம் எழுந்ததும் எங்கள் அம்மா (திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்து வாழும் எங்கள் ஜமாத்தில் என்னை மகளாக ஏற்றவர்) விரல்களை விரித்து ஓங்கித் தட்டினார். அந்தத் தட்டு எங்களுக்கு வேடிக்கை அல்ல. இரவில் வம்பு செய்பவனை விரட்டவும் கூட்டத்தில் நம் ஆளைக் கண்டுபிடிக்கவும் அதுதான் துணை. அமைப்பாளர் ஒருவர் ஓடி வந்தார். "அக்கா, தட்டாதீர்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், கோரிக்கை அடிபட்டுப் போகும்." அம்மா கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்திலேயே பறை முழங்கிக்கொண்டிருந்தது. அதையும் இழிவென்று ஒதுக்கிய காலம் உண்டு. அதை மீட்டவர்களுக்கே எங்கள் கை உறுத்தியதுதான் எனக்கு ஆறவில்லை.

அமைதியும் போராட்டம்தான், மறுக்கவில்லை. 1917 ஜூலை 28 அன்று, அமெரிக்காவின் கிழக்கு செயின்ட் லூயிஸில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டதைக் கண்டித்து, நியூயார்க்கில் ஏறத்தாழ 10,000 பேர் வாய் திறக்காமல் நடந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் அங்கே போலீஸ் பிடியில் கொல்லப்பட்டு இரண்டு நாளில், டோனி மெக்டேட் என்ற கறுப்பினத் திருநம்பி போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார். முதல் பெயர் உலகம் முழுக்கப் போனது. இரண்டாவது பெயரைக் கேட்டவர்கள் குறைவு. அதே ஆண்டு ஜூன் 14 அன்று, கறுப்பினத் திருநர்களின் உயிருக்காக புரூக்ளின் அருங்காட்சியகம் முன்பு ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். 1917-ஐ நினைவூட்ட அவர்களும் வெள்ளையே உடுத்தினார்கள். அந்த மௌனமும் அந்த வெள்ளையும் அவர்களே எடுத்த முடிவு. அம்மாவின் கையை அடக்கியது வேறொருவர்.

எங்கள் ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயருடன், கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நடந்து போனார்கள். எந்த உடல் வரக்கூடாது என்றார்களோ அந்த உடல் வாசலைத் தாண்டியது; அன்றைய போராட்டமே அதுதான்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவிடம் வருத்தமா என்று கேட்டேன். "அடுத்த முறை பறைக்காரர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். எது யார் சத்தம் என்று அந்தத் தம்பி கண்டுபிடிக்கட்டும்" என்றார்.