கிளேசியர் விரிகுடாவில் படம் கலங்கினால் முக்காலியை மடித்து வையுங்கள்

முக்காலி வேண்டாம், கையிலேயே பிடித்து எடுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாகக் கூடாது, அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 800 வரை போனாலும் பரவாயில்லை.

அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில் உள்ள மார்ஜரி பனியாற்றைக் கப்பல் பால்கனியிலிருந்து முக்காலி போட்டு 1/15 நொடியில் எடுத்தும் எல்லாமே கலங்கல் என்கிறீர்கள். அநேகமாக அதிர்வுதான் காரணம். கப்பல் பனிச்சுவருக்கு முன்னால் நின்றாலும் உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அந்த நடுக்கம் தளத்திலிருந்து முக்காலிக் கால் வழியாக நேரே கேமராவுக்கு ஏறிவிடும். கையில் பிடித்தால் உங்கள் உடம்பு அதில் ஓரளவை வாங்கிக்கொள்ளும்.

சந்தேகமா? பால்கனி மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் குனிந்து பாருங்கள். மேலே பொடிப்பொடியாக வளையங்கள் ஓடினால் அதேதான். அப்புறம், கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்ற வேண்டாம், அதுவும் நடுங்கும்.

ஒன்று மட்டும்: 1/1000 வைத்தும் பனிச்சுவரின் விளிம்பு நெளிந்து தெரிந்தால் அது அதிர்வு இல்லை, காற்று. அறையின் சூடான காற்று வெளியே குளிரில் கலக்கும்போது அப்படி ஆகும், கதவைச் சாத்திவிட்டு எடுங்கள். தூரத்திலிருந்தே ஜூம் செய்தாலும் இதே நெளிவு வரும், அதற்கு எந்த ஷட்டரும் உதவாது, கப்பல் கிட்டே போகும்வரை பொறுங்கள்.