புதன்கிழமை எங்கேயும் போகாதீர்கள்

கேள்வி: எங்களுக்குக் கோவை, சிங்காநல்லூர் பக்கம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. நெருக்கடி வேண்டாம் என்று பள்ளியிலிருந்து நிறுத்தி, இரண்டு வருடமாக வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். இப்போது எங்கள் வாரத்தைப் பாருங்கள்: திங்கள் சிலம்பம், அபாகஸ். செவ்வாய் இந்தி. புதன் நீச்சல், சாயங்காலம் வீணை. வியாழன் செஸ். வெள்ளி மறுபடி வீணை. சனிக்கிழமை மற்ற ஹோம்ஸ்கூல் பிள்ளைகளோடு பூங்காவில் சந்திப்பு. இதற்கு மேல் தினமும் காலை 9 முதல் 1 மணி வரை பாடம். நான் பாதி நாள் ஸ்கூட்டர் மேலேதான் இருக்கிறேன். போன புதன் மகள் நீச்சல் உடையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். "பேசாம ஸ்கூல்லயே சேத்துருங்க, எல்லாருக்கும் நிம்மதி" என்கிறார் மாமியார். எல்லாவற்றையும் அடக்கி ஒரு நல்ல டைம்டேபிள் போட்டுத் தருவீர்களா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: மாட்டேன் சகோதரி. கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் ஒரு காலத்தில் கலர் கலராகப் பென்சில் வைத்து டைம்டேபிள் போட்டவள்தான். என் பையன் அதை மூன்றாம் நாள் கிழித்து ராக்கெட் விட்டான். ராக்கெட் நன்றாகத்தான் பறந்தது.

உங்கள் பட்டியலை எண்ணிப் பார்த்தேன். வாரத்துக்கு எட்டு இடம். கொண்டுபோய் விட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்து, மறுபடி கூட்டி வருவது என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நடை. பள்ளி வேனுக்காவது ஒரு டிரைவர் தனியாக இருப்பார்.

முதலில் அந்த 9 முதல் 1-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த நான்கு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது? நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் வருகைப் பதிவு, சத்தம் அடங்குவது, நோட்டு திருத்துவது என்றே ஒரு பீரியடில் பாதி போய்விடும். உங்கள் முன்னால் இருப்பது இரண்டே பேர். மகளுக்கு இரண்டு மணி நேரம், சின்னவனுக்கு ஒரு மணி நேரம் போதும். அவனுக்கு அதுவே அதிகம் என்றுகூடச் சொல்வேன்.

அடுத்து வகுப்புகள். மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை நிறுத்தினால் உனக்கு அழுகை வரும்?" அவள் சொல்வதைத் தொடாதீர்கள். வீணையாக இருக்கும் என்பது என் ஊகம், தவறாகவும் இருக்கலாம். அபாகஸை இந்த மாதமே நிறுத்தலாம், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. நீச்சல் அவசியம். ஆனால் வாரம் ஒரு நாள் என்று வருடம் முழுக்க இழுப்பதைவிட, கோடையில் ஒரு மாதம் நாள் தவறாமல் போனால் உடம்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இந்தி யாருக்காக என்று நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேசுங்கள். சனிக்கிழமைச் சந்திப்பு இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் வேண்டும்.

இத்தனை ஓட்டமும் எதற்கு என்று உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. "நாளைக்குப் பத்தாம் வகுப்பு என்று வந்தால் என்ன காட்டுவது?" என்ற பயம்தானே? சரி, அதைப் பேசித் தீர்ப்போம். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989-ல் மத்திய அரசு தொடங்கியது. அதில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், தமிழே எடுக்கலாம். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. பதிவு ஐந்து வருடம் செல்லும் என்பதால், இந்த முறை இரண்டு, அடுத்த முறை மூன்று என்று பிரித்தும் எழுதலாம். தேர்ச்சிக்கு 33 மதிப்பெண். மாநில வாரியம்தான் வேண்டும் என்றால், 12½ வயது முடிந்ததும் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. மகளுக்கு இப்போது 11. ஐந்து பாடத்துக்கு மூன்று வருடம் கையில் இருக்கிறது. அபாகஸும் செஸ்ஸும் அந்த ஐந்தில் இல்லை.

அப்புறம், வீட்டில் சும்மா கிடக்கும் பாடங்கள். உங்கள் கரண்ட் மீட்டரை ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் குறித்து வைக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம், 500-ஐத் தாண்டினால் அந்த அடுக்கே மாறிவிடும். 499-க்கும் 501-க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். அன்றிலிருந்து ஃபேனை அணைப்பவள் அவளாகத்தான் இருப்பாள். சின்னவனைச் சிங்காநல்லூர்க் குளத்துக்குக் காலையில் கூட்டிப் போங்கள். எத்தனை நீர்க்காகம், எத்தனை கொக்கு என்று எண்ணி எழுதட்டும், கூட்டலும் தமிழும் ஒன்றாக முடியும். மழை நாளாக இருந்தால் ஆர்.எஸ்.புரத்தில் கேஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது, 1902-லிருந்து. ஒரு நடை போய்விட்டு வந்தால் பிள்ளைகள் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசுவார்கள்.

மாமியார் விஷயம். அவர் உங்களைக் குத்துவதற்காகச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. பேத்தி அழுததை அவரும் பார்த்திருக்கிறார். வீட்டில் படிக்கும் பிள்ளையின் நோட்டைக் கேட்டு எந்த அதிகாரியும் வரப்போவதில்லை, கேட்கப்போவது அவர் ஒருவர்தான். அதனால் ஒரு சாதாரண நோட்டு போட்டு, அன்றன்று செய்ததை இரண்டு வரி எழுதி வையுங்கள். மகளே எழுதினால் இன்னும் நல்லது. ராத்திரி பாட்டிக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வேலையும் அவருக்குக் கொடுங்கள். பருப்பு அளப்பது, பூ தொடுப்பது, அவர் சின்ன வயதில் இருந்த ஊர்க் கதை, எதுவானாலும் சரி. வாரம் ஒரு மணி நேரம் அது அவருடைய பீரியட்.

புதன்கிழமையை அப்படியே காலியாக விடுங்கள். பாடமும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். வீணை டீச்சரிடம் பேசி வெள்ளிக்கிழமை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் புதன் பத்து மணிக்கெல்லாம் "போரடிக்குது" என்று வந்து நிற்பார்கள். "ம்ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் காபியைக் குடியுங்கள். இரண்டாம் புதனும் அதே கதைதான். மூன்றாம் புதனில் என்ன செய்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை புதன்கிழமைகளில் ஸ்கூட்டர் சாவி உங்கள் மாமியாரிடமே இருக்கட்டும்.