தாத்தா பீடி குடிச்ச கதை

சார் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதறேன், வயசு 59, அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். பிபிக்கு மாத்திரை ஓடுது, போன மாசம் சுகரும் பார்டர்ல இருக்குன்னுட்டாங்க. சிகரெட் தினம் அஞ்சாறு. வீட்ல ஒரே அர்ச்சனை. எங்க தாத்தா சாகுற வரைக்கும் பீடி குடிச்சாரு, கருவாடு இல்லாம சோறு இறங்காது, 86 வயசு வரைக்கும் இருந்தாரு. இனிமே மாத்தி என்ன சார் ஆகப்போகுது? ரிட்டயர் ஆனதும் பாண்டி பீச்ல வாக்கிங் போலாம்னு மட்டும் இருக்கேன்.
ச.கு.

ச.கு. சார்,

இந்த தாத்தா எல்லார் வீட்லயும் ஒருத்தர் இருக்காரு. ஆனா அவரோட திண்ணைல உக்காந்து பீடி பத்த வச்சதுல அம்பதுலயே இருமி இருமி போய் சேர்ந்தவங்க எத்தனை பேருன்னு யாரும் எண்ணல, தப்பிச்சவரு கதைதான் நம்ம காதுக்கு வருது. அப்புறம் அவரு என்ன வேலை பாத்தாருன்னு நீங்க எழுதவே இல்லையே? எங்க தாத்தா பலாப்பழத்த கட்டிகிட்டு பண்ருட்டில இருந்து சைக்கிள் மிதிச்சவரு. நமக்கு ஆபீஸ் சேர், பைக், வந்தா சோஃபா.

1953ல ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர் லண்டன் மாடி பஸ் ஆளுங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாரு. டிரைவர் நாள் பூரா உக்காந்தே இருக்கறவரு, கண்டக்டர் நாள் பூரா படி ஏறி இறங்குறவரு. ஒரே பஸ்தான், ஆனா மாரடைப்பு டிரைவருங்களுக்குத்தான் அதிகம்.

இனிமே என்ன ஆகப்போகுதுன்னு கேட்டீங்கல்ல, சிகரெட் விஷயத்துல அதுக்கு கணக்கே இருக்கு. ரிச்சர்ட் டாலும் அவர் கூட்டாளிங்களும் பிரிட்டன் டாக்டருங்கள 1951ல இருந்து அம்பது வருஷம் விடாம பின்தொடர்ந்து பாத்தாங்க. 30 வயசுல விட்டவங்களுக்கு சராசரியா 10 வருஷ ஆயுசு திரும்ப கிடைச்சுது, 40ல விட்டா 9, 50ல 6, 60ல விட்டா கூட 3. உங்களுக்கு இன்னும் அறுபது ஆகல சார். அந்த மூணு வருஷத்த கிராஜுவிட்டியோட சேத்து வாங்கிக்கங்க.

ஆனா எனக்கு ஆயுச விட கால்தான் பயம். ரெண்டு வருஷம் முன்னாடி சில்வர் பீச்ல மணல்ல உக்காந்து பேரனோட மாங்கா தின்னேன், கிளம்பலாம்னு பாத்தா எழுந்திரிக்க முடியல. ஒரு கையூனி, முட்டி போட்டு, திரும்ப பொத்துன்னு உக்காந்து, கடைசில சுண்டல் விக்கிற பையன் வந்து அக்குள்ல கை குடுத்து தூக்கினான். பேரன் சிரிச்சான், நானும் சிரிச்ச மாதிரி இருந்துகிட்டேன்.

முப்பதுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3ல இருந்து 8 சதவீதம் தசை கரையுதுங்கறாங்க, அறுபதுக்கு மேல இன்னும் வேகமா. சாப்பாட்டு சர்க்கரைய இழுத்து வச்சிக்கறதே பெரும்பாலும் தசைதான், அதனால உங்க சுகர் பார்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. போன பலம் திரும்ப வருமான்னா வரும். 1990ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல தொண்ணூறு வயச ஒட்டின பத்து பேர வெயிட் தூக்க வச்சாங்க, எட்டு வாரத்துல கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு.

நான் ஜிம்முக்கெல்லாம் போகல. சாப்பாட்டு மேஜை சேர்ல கையூனாம உக்காந்து எழுந்திரிக்கறது, காலைல பத்து, சாயந்திரம் பத்து. மொத வாரம் நாலுலயே தொடை நடுங்கிச்சு. இப்போ தரைல சம்மணம் போட்டு சாப்புடறேன், எழுந்திரிக்க யாரையும் கூப்புடறதில்ல. உங்களுக்கு முட்டி வலி இருந்தா டாக்டர கேட்டுட்டு செய்யுங்க.

அந்த பாண்டி பிளான்தான் சார் புரியல. இருபது கிலோமீட்டருக்கு மேல பைக்ல உக்காந்து போய் ஒன்றரை கிலோமீட்டர் நடந்துட்டு, பஜ்ஜி தின்னுட்டு, திரும்ப உக்காந்தே வரணுமா? பாண்டி போனா வேற ஒண்ணும் மலிவா கிடைக்கும், அது வேற. ராத்திரி சாப்பிட்ட கையோட உங்க தெருவுலயே பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, ஏறுற சுகர் கொஞ்சம் அடங்கும். ரிட்டயர்மென்ட் வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?

கருவாட்ட ஒரேயடியா விட சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான், பிபி மாத்திரை போடறவருக்கு அதுவே ஜாஸ்தி. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, நல்லா ஊற வச்சு கழுவி, அன்னைக்கு அப்பளம் ஊறுகாய் பக்கம் போகாம. மத்த நாளைக்கு ஓ.டி.ல, அதான் நம்ம கடலூர் ஓல்டு டவுன்ல, மத்தி மீன் வந்தா வாங்கி குழம்பு வைக்க சொல்லுங்க, இல்ல நீங்களே ஆயுங்க, வீட்ல அர்ச்சனையாவது குறையும்.