தண்ணி நிறைய குடிச்சா பிபி குறையுமா? உப்பை மொத்தமா நிறுத்திடணுமா?

ரெண்டு கேள்விக்குமே என் பதில் "இல்லை"தான். தண்ணி குடிச்சு பிபிய இறக்க முடியாது, உப்பை குறைச்சா இறங்கும், ஆனா சுத்தமா நிறுத்தறதும் தப்பு. நான் டாக்டர் கிடையாது, வீட்ல அம்மாவுக்கு வருஷக்கணக்கா மாத்திரை ஓடுது, அந்த அனுபவத்துல சொல்றேன்.

"ஊறுகாய் சாப்டியா, மேல ரெண்டு சொம்பு தண்ணி குடி, உப்பு கழுவிட்டு போயிடும்"னு எங்க பெரியப்பா சொல்லுவாரு. அப்படி கழுவிட்டெல்லாம் போகாது. உப்புல இருக்கற சோடியம் உள்ள போனா தாகம் எடுக்குது, குடிச்ச தண்ணிய உடம்பு புடிச்சு வெச்சுக்குது, ரத்தத்தோட அளவு கூடுது, குழாய் அதேதான் ஆனா ஓடற ரத்தம் ஜாஸ்தி, அப்ப அழுத்தம் ஏறத்தானே செய்யும். அந்த சோடியத்த வெளிய தள்ள வேண்டியது கிட்னி. வயசானவங்க, சுகர் இருக்கறவங்க, கிட்னி வீக்கா இருக்கறவங்களுக்கு அந்த வேலை மெதுவாதான் நடக்கும், அதான் ஒரே சாம்பார சாப்ட்டாலும் ஒருத்தருக்கு ஏறுது, இன்னொருத்தருக்கு ஏறல.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு கீழ, அதாவது தலை தட்டின ஒரு டீஸ்பூன். நம்ம ஊர் சாப்பாட்டுல இட்லி மாவுல உப்பு, சட்னில உப்பு, சாம்பார், ரசம், மோர்னு எல்லாத்துலயும் இருக்கு, இதுக்கு மேல அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, எப்படி அளக்கறது? நான் ஒரு கணக்கு வெச்சிருக்கேன். நாலு பேர் இருக்கற வீட்ல ஆளுக்கு 5 கிராம்னா ஒரு நாளைக்கு 20 கிராம், அப்ப ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரணும். உங்க வீட்ல எத்தனை நாள்ல தீருதுன்னு பாருங்க, அதுலயே பாதி விஷயம் தெரிஞ்சிடும் (கடைல வாங்கற ஊறுகாயும் மிக்சரும் இந்த கணக்குல வராது, அது தனி). பிபி இருக்கறவங்க தினசரி உப்புல 4 கிராம் போல குறைச்சா மேல் நம்பர் சராசரியா 5 பாயிண்ட் இறங்குதுன்னு ஆய்வுகள் சொல்லுது, ஆனா அதுக்காக மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க.

இந்துப்புக்கு மாறினா சரியாயிடும்னு நம்பாதீங்க, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், விலைதான் வேற. லோ சோடியம் உப்புல பொட்டாசியம் கலந்திருக்கும், நல்லதுதான், ஆனா கிட்னி பிரச்சனை இருந்தாலோ டெல்மிசார்டன் மாதிரி பிபி மாத்திரை எடுத்தாலோ டாக்டர்ட்ட கேக்காம தொடாதீங்க. இளநீரும் அதே கதைதான், அதுலயும் பொட்டாசியம் நிறைய.

மெட்ராஸ் கத்திரி வெயில்ல இன்னொரு சிக்கல். மூத்திரம் போக வைக்கற பிபி மாத்திரை எடுக்கறவங்களுக்கு உப்பும் தண்ணியும் ஏற்கனவே வெளிய போயிட்டிருக்கும், அதோட வியர்வையும் சேர்ந்து, உப்பையும் சுத்தமா விட்டா தலை சுத்தும், வயசானவங்களுக்கு சோடியம் இறங்கி பேச்சே குழறும். அப்படி ஆனா ஆஸ்பத்திரிக்கு போங்க. அதுக்காக வெயிலுக்கு சும்மா ஓஆர்எஸ் குடிக்கறதும் வேணாம், ஒரு லிட்டர்ல சோடியம் மட்டும் கிட்டத்தட்ட 1.7 கிராம், ஒரு நாள் கோட்டாவே (மேல சொன்ன 5 கிராம் உப்புல இருக்கற சோடியம்) 2 கிராம்தான். வயித்துப்போக்குன்னா அது வேற, அப்ப குடிச்சே ஆகணும். தாகத்துக்கு தண்ணி குடிங்க, உப்பு போடாத எலுமிச்சை ஜூஸ் குடிங்க, ஹார்ட் ஃபெயிலியர், கிட்னி பேஷன்ட்டுன்னா டாக்டர் சொன்ன அளவ தாண்டாதீங்க.

அப்புறம் பிபி பாக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு வந்து 5 நிமிஷம் சும்மா உக்காருங்க. மூத்திரத்த அடக்கிட்டு பாத்தா ரீடிங் கூடத்தான் காட்டும். எங்க பெரியப்பா ஒரு லிட்டர் குடிச்சிட்டு எழுந்திரிக்காம மெஷின மாட்டிக்கிட்டு "இவ்ளோ குடிச்சும் ஏறிருக்கே"ன்னு மெஷின திட்டுவாரு.