நாலாம் நாள் ராத்திரியைத் தாண்டினால்...

கேள்வி: எனக்கு 24 வயது. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலை, நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். கல்லூரியில் தொடங்கிய கஞ்சா இப்போது தினமும் ஆகிவிட்டது. பலமுறை நிறுத்திப் பார்த்தேன். மூன்று நாலு நாளில் தூக்கம் போய், சோறு இறங்காமல், எல்லோர் மேலும் எரிந்து விழுந்து, "சரி, இன்னிக்கு மட்டும்" என்று மறுபடி இழுத்துவிடுகிறேன். இயற்கையான செடி, அடிமையாக்காது என்கிறான் ரூம் நண்பன். எனக்குத்தான் மன உறுதி இல்லையா? ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: எருக்கஞ்செடியும் இயற்கைதான் தம்பி, அதற்காக அதன் பாலை யாரும் குடிப்பதில்லை. தினமும் புகைத்தவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சலும் பதற்றமும் தொடங்கி, முதல் வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடே 2013-இல் இதைத் தனி நோய்நிலையாகச் சேர்த்துவிட்டது. நீங்கள் ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுப்பது, உடம்பு மிக மோசமாகப் படுத்துகிற அதே நாட்களில். இதில் மன உறுதியை ஏன் இழுக்கிறீர்கள்?

இன்னொன்று, நீங்கள் போதைக்காகத் திரும்பவில்லை, தூங்குவதற்காகத் திரும்புகிறீர்கள். கஞ்சா கனவுத் தூக்கத்தை அமுக்கி வைக்கும். நிறுத்தியதும் அது மொத்தமாகப் பீறிட்டு வரும், வியர்த்து எழுந்து உட்கார வைக்கிற கனவுகள் வரும். பயப்படாதீர்கள், மூளை பழைய கணக்கைத் தீர்க்கிறது. தூக்கம் சீராகச் சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் காபி வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு குவார்ட்டர் என்று கிளம்புபவர்கள் உண்டு. ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டுகிற வழி அது.

சிகரெட்டை உதிர்த்து அந்தத் தூளைக் கஞ்சாவோடு கலந்துதானே சுருட்டுகிறீர்கள்? அப்படியென்றால் உங்கள் தவிப்பில் ஒரு பங்கு நிகோட்டினுடையது. கஞ்சாவை மட்டும் விட்டு சிகரெட்டை வைத்துக்கொண்டால், பற்றவைக்கிற ஒவ்வொரு முறையும் கை பழையதைத் தேடும். இரண்டையும் சேர்த்து விடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள், நிகோட்டின் சூயிங்கம் போல உதவிகள் இருக்கின்றன.

கஞ்சாவைப் பொடிக்கிற கிரஷரையும் சுருட்டுகிற பேப்பரையும் அலமாரி மேல் ஒளித்து வைத்துக்கொண்டு "விட்டுவிட்டேன்" என்று சொன்னால் அது வெறும் இடைவேளை. தூக்கிப் போடுங்கள். பொட்டலம் தருகிறவனின் எண்ணையும் அழியுங்கள், வாட்ஸ்அப்பில் பிளாக் செய்யுங்கள். சனிக்கிழமை ராத்திரி ரூமில் புகை மண்டும்போது மூலையில் உட்கார்ந்து வைராக்கியம் காட்டுவது நடக்காத காரியம். முடிந்தால் முதல் மாதம் வேறு இடம் பாருங்கள், வீட்டிலிருந்தே வேலை கிடைத்தால் ஊருக்குப் போய்விடுங்கள். நண்பனைத் திருத்துகிற வேலை இப்போதைக்கு உங்களுடையது இல்லை.

நடுவில் ஒருநாள் இழுத்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று அந்த வாரம் முழுக்க இழுக்காதீர்கள். அன்று எத்தனை மணி, யார் கூட இருந்தார்கள், என்ன சண்டை என்று மட்டும் எழுதிவையுங்கள். ஆலோசகர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். கஞ்சாவை விடுவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்னும் வரவில்லை, கைகொடுப்பது பெரும்பாலும் இந்த மாதிரிப் பேச்சு சிகிச்சைதான்.

போலீஸ் பயம் நியாயமானதுதான், கஞ்சா புகைப்பது சட்டப்படி குற்றம். ஆனால் 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெறுகிறவருக்கு, பயன்படுத்தியதற்கான வழக்கிலிருந்தே பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும், அவ்வளவுதான். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் போனில் பேச 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், செத்துவிடலாம் என்ற நினைப்பு, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்புங்கள்.