தாவரவியல் ஆய்வகத்தில் பி.எச்டி. சேரலாம் என்று இருக்கிறேன். அங்கே கைடு, சீனியர்கள் எல்லாம் எப்படி இருப்பார்கள்?

நீங்கள் எம்.எஸ்சி. கடைசி வருஷத்தில் இருக்கிறீர்கள், நெட் தேர்வு எழுதிவிட்டீர்கள் அல்லது எழுதப்போகிறீர்கள், வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நான் சேரும்போது என் நிலைமை அப்படித்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம். ஊர் வேண்டாம். அங்கே நெல் திசு வளர்ப்பு லேபில் ஐந்தே முக்கால் வருஷம் இருந்தேன். "எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் இப்படியெல்லாம் கிடையாது" என்று சொல்ல வருபவர்கள் இருப்பார்கள். சரி, உங்கள் இடத்தில் இல்லாமல் இருக்கலாம். நான் இருந்த இடத்தைத்தான் என்னால் சொல்ல முடியும்.

ஆட்கள் நல்லவர்கள்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் டீ. யார் வீட்டிலிருந்து புளியோதரை வந்தாலும் எட்டுப் பேருக்குப் பங்கு. ஏகார் உருக்கும் மைக்ரோவேவில் சாப்பாட்டைச் சூடுபண்ணக்கூடாது என்று கதவில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கும், அதையும் மீறி ஒருவர் சூடுபண்ணுவார், அவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லேப் முழுக்கக் கழுவி, ஆட்டோகிளேவ், சென்ட்ரிஃபியூஜ், பி.சி.ஆர். மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் பிரித்துக்கொள்வோம். அறிவியல் படித்துவிட்டு மெஷினுக்குப் பொட்டு வைக்கிறீர்களே என்று ஒரு வெளிநாட்டு விருந்தினர் கேட்டாராம். எங்கள் சார், "வைத்ததிலிருந்து ரிப்பேர் ஆகவில்லை" என்றாராம். அதுவும் பொய். அந்த ஆட்டோகிளேவின் கேஸ்கெட் வருஷத்துக்கு இரண்டு முறை போகும்.

இனி நடந்ததுக்கு வருகிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் பதில் எழுத உட்கார்ந்ததே இதனால்தான்.

2017. பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காடுகளில் வெண்கண்டல் என்று ஒரு மரம் உண்டு. உப்புத் தண்ணீரில் நின்றபடியே வாழும். அதன் மரபணு ஒன்றை நெல்லுக்குள் வைத்தால் நெல்லும் உப்பைத் தாங்குமா என்பது கேள்வி. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வழியில் முன்பே வேலை செய்திருந்தார்கள். எங்கள் லேபில் ஒரு அக்கா செய்துகொண்டிருந்தார். அவர் எனக்கு மூன்று வருஷம் சீனியர்.

இந்த வேலை எவ்வளவு மெதுவாக நடக்கும் என்று சேருவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லவில்லை. நெல்லை உமி நீக்கி, கிருமி நீக்கி, மீடியாவில், அதாவது ஊட்டச்சத்துக் கூழில், வைத்து இருட்டில் விட்டால் மூன்று நான்கு வாரத்தில் வெளிர்மஞ்சளாக, ரவை உருண்டை மாதிரி ஒரு திரள் வரும். அதுதான் காலஸ். அதை, மரபணுவைச் செடிக்குள் கொண்டுபோகும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவோடு மூன்று நாள் வைத்து, கழுவி, ஹைக்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மீடியாவில் போட வேண்டும். மரபணு ஏறாத காலஸ் கறுத்துச் செத்துப்போகும். ஏறியது பிழைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது மீடியாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜப்பானிய ரகங்கள் இதற்குச் சட்டென்று ஒத்துழைக்கும். நம் ஊர் ரகங்கள் அடம்பிடிக்கும். நாங்கள் வைத்திருந்தது ஏ.டி.டி. 43. என் அம்மா வயல்வேலை பார்த்தவர். "நாத்து விட்டா இருபத்தஞ்சு நாள்ல நட்டுரலாம், நீ பாட்டில்ல வச்சு ஆறு மாசமா என்னத்தடி பண்ற?" என்றார். பதில் இல்லை.

அக்கா வளைகாப்புக்கு ஊருக்குப் போகும்போது பதினெட்டு பிளேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பதில் மரபணு வைத்தது, மேலே "ஜி" என்று எழுதியிருந்தார். மற்ற ஒன்பதில் வெண்கண்டல் மரபணு இல்லாத வெறும் வெக்டர் (மரபணுவைச் சுமந்துபோகும் டி.என்.ஏ.), "வி". ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் வேண்டும். இரண்டிலும் ஹைக்ரோமைசினைத் தாங்கும் மரபணு இருக்கிறது, அதனால் இரண்டும் பிழைக்கும். கண்ணால் பார்த்து எது எதுவென்று சொல்லவே முடியாது.

லேமினாருக்குள் (கிருமியில்லாத காற்று வீசும் பெட்டி) வைக்கும் முன் எதையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும் என்பது முதல் நாளே கற்றுத்தரும் பாடம். துடைத்தேன். நன்றாக, அழுத்தி, பஞ்சு நனைய நனையத் துடைத்தேன். ஏழாவது பிளேட்டோ எட்டாவதோ, பஞ்சைத் திருப்பிப் பார்த்தால் நீலமாக இருந்தது. ஆறு பிளேட்டில் எழுத்தே இல்லை.

இரவு ஒன்பது மணி. லேபில் வேறு யாரும் இல்லை. மிச்சம் பன்னிரண்டை எண்ணினேன்: ஏழு "ஜி", ஐந்து "வி". அப்படியானால் அழிந்த ஆறில் இரண்டு "ஜி", நான்கு "வி". வெறும் வெக்டர்தான் கொழுகொழுவென்று வளரும் என்று எனக்கு நானே ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டு, கொழுத்தது நான்கை "வி" என்று எழுதினேன். அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தக் காலஸ்களிலிருந்து செடி வந்துவிட்டது. ஒரு எம்.எஸ்சி. புராஜெக்ட் தம்பி வந்திருந்தான். இலையை அரைத்து டி.என்.ஏ. எடுத்து, அந்த மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனை போடும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். ஜெல்லில் "வி" செடிகள் சிலவற்றிலும் வெண்கண்டல் மரபணு இருப்பதைக் காட்டும் கோடு, அதாவது பேண்ட், பளிச்சென்று தெரிந்தது. இருக்கவே கூடாத இடம்.

திங்கட்கிழமை லேப் மீட்டிங்கில் சார் அவனை நிற்க வைத்துக் கேட்டார். "டிப்பை மாத்தாமப் பண்ணியா? கை நடுங்குதா? டாக் என்சைம் என்ன விலைன்னு தெரியுமா?" அவன் "மாத்தினேன் சார்" என்று மட்டும் சொன்னான். பைப்பெட்டின் டிப்பை மாற்றாவிட்டால் ஒரு செடியின் டி.என்.ஏ. இன்னொன்றில் கலந்துவிடும், அதனால்தான் அந்தக் கேள்வி. திரும்பப் போடச் சொன்னார்கள். புதுத் தண்ணீர், புது பஃபர், புது டிப் பெட்டி. அதே பேண்ட். மறுபடியும். அதே பேண்ட். மூன்றாவது தடவை ஜெல்லை யு.வி. வெளிச்சத்தில் வைத்துவிட்டு அவன் குனிந்து பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் பக்கத்து மேஜையில் மீடியாவின் பி.எச். அளவை 5.8க்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். என் வேலை மும்முரம்!

பதினோரு நாள் பேசாமல் இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அக்காவுக்குப் போன் போட்டேன். கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நான் சொல்லி முடித்ததும், "எல்லாச் செடிக்கும் தனித்தனியா பி.சி.ஆர். போட்டுப் பிரிச்சிரலாம், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அந்தப் பையன்கிட்ட சொன்னியா?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். செடி ஒவ்வொன்றையும் சோதித்து மறுபடி பெயர் எழுதினோம். ஒன்பது நாள் வேலை. ஆராய்ச்சிக்கு நஷ்டம் அவ்வளவுதான்.

சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று கை வியர்த்து நின்றேன். அவர் சிரித்தார். "விடும்மா, லேப்ல இதெல்லாம் சகஜம். இனிமே பார்த்துப் பண்ணு." அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தப்பு ஒன்றுதான். ஃபெல்லோஷிப்போடு வந்த மூன்றாம் வருஷ ஸ்காலர் செய்தால் சகஜம். ஆறு மாதப் புராஜெக்டுக்கு வந்த பையன் செய்ததாக நினைத்தால் கை நடுங்குகிறதா என்ற கேள்வி. சாரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் தீசிஸை வரி வரியாகத் திருத்தியவர், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்காமலே பணம் கொடுத்தவர். ஆனால் அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்கில் அவர் அந்தத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் அங்கே எழுந்து நின்று சொல்லவில்லை.

அவனிடம் தனியாகச் சொன்னேன். கல்ச்சர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான். "பரவாயில்லக்கா" என்றான். குழாயைக்கூட மூடவில்லை. பி.எச்டி. பண்ண வேண்டும் என்று வந்தவன், இப்போது பூச்சிமருந்துக் கம்பெனியில் சேல்ஸில் இருக்கிறான். இதனால்தான் போனான் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, வீட்டுச் சூழல் வேறு இருந்தது. ஆனால் அவனுடைய பைப்பெட் பிடிக்கும் கை எங்கள் எல்லாரையும்விடச் சுத்தமாக இருந்தது.

எங்கேயோ போய்விட்டேன். பணத்தைப் பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். 2019ல் 31,000 ஆக்கினார்கள், 2023ல் 37,000. காகிதத்தில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு தடவை ஏழு மாதம் வரவில்லை. பில் செக்‌ஷனில் போய்க் கேட்டால் வருகைச் சான்றிதழில் முத்திரை கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது என்பார்கள். முத்திரை குத்தியதே அவர்கள் ஆபீஸ்தான்! ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பாக்கி வைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்களா? நான் சாப்பிட்டிருக்கிறேன். தட்டோடு நிற்கும்போது மெஸ்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் போனால் சொந்தக்காரர்கள், "செடி பத்திதானே படிக்கிறே, எங்க வீட்டுக் கறிவேப்பிலை ஏன் தழையமாட்டேங்குது?" என்பார்கள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

சேர வேண்டாம் என்று சொல்லவில்லை. கறுத்துப்போன காலஸ் நடுவே முதல் பச்சைப் புள்ளி தெரியும் காலைக்காக நான் மறுபடியும் சேருவேன். ஆனால் சேரும் முன் லேபை ஒருமுறை போய்ப் பாருங்கள். கைடு தன் பேப்பர்களைக் காட்டுவார், சீனியர்கள் மெஷின்களைக் காட்டுவார்கள். அதெல்லாம் பார்த்தபிறகு, அங்கே புராஜெக்ட் பண்ணும் எம்.எஸ்சி. பிள்ளைகள் இரண்டு பேரைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, கடைசியாக ஒரு வேலை கெட்டுப்போனபோது யார் பெயர் அடிபட்டது என்று கேளுங்கள். உடனே பதில் சொல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

அப்புறம், பிளேட்டில் மார்க்கரால் எழுதாதீர்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் எழுதுங்கள். மூடியில் வேண்டாம், மூடி மாறிவிடும், அடிப்பக்கத்தில் எழுதுங்கள். பென்சில் ஸ்பிரிட்டில் அழியாது. மியூசியத்தில் ஸ்பிரிட் ஜாடிக்குள் போடும் லேபிளை ஏன் பென்சிலால் எழுதுகிறோம் என்று பி.எஸ்சி. முதல் வருஷப் பிராக்டிகலில் கேட்டார்கள். நான்தான் எழுந்து பதில் சொன்னேன்.