நீலகிரித் தேயிலைத் தோட்ட வரலாறு: தேடலில் விடுதி விளம்பரங்களே வருவது குறித்து

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை இணையத்தில் தேடினால் விடுதி விளம்பரங்களே வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். நீலகிரி மாவட்டத்தின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலான 'என்-ஈ-ஐ-எல்-ஜி-ஹெச்-ஈ-ஆர்-ஆர்-ஒய்' என்பதை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு, 'டீ' என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து, 'ஹோட்டல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இட்டுத் தேடுங்கள்.

தாங்கள் இன்றைய பெயரையே இட்டுத் தேடுவதுதான் விளம்பரங்களே வருவதற்குக் காரணமாக இருக்கக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்கள் பலவற்றில் அப்பெயர் அவ்வடிவில் இல்லை. 1880இல் வெளிவந்த கிரிக் என்பவரின் மாவட்டக் கையேடுகூட அப்பெயரை ஆங்கிலத்தில் 'என்-ஐ-எல்-ஏ-ஜி-ஐ-ஆர்-ஐ' என நான்கு உயிரெழுத்துகளுடன் எழுதுகிறது, ஆதலால் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே தேடுவது அவசியம்.

இணைய ஆவணக் காப்பகமான ஆர்க்கைவ் தளத்தில், நூல் விவரங்களில் மட்டுமன்றி உள்ளடக்கத்திலும் தேடும் தெரிவை இயக்கிப் பாருங்கள்.

ஆனால், வருடிய பக்கங்களை எழுத்தாக மாற்றும் மென்பொருள் பழைய அச்சைத் தவறாகப் படிப்பதுண்டு. எனவே தேடலில் சிக்காத செய்தி நூலில் இல்லையென்று முடிவுகட்டாமல், பொருளடக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.